கணிப்பொறி நம் மனத்தை அறியுமா?

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு மாலை. கடைசி மணி அடித்து வகுப்புகள் கலைந்துவிட்டன. நம் பள்ளியின் கணிப்பொறி அறையில் ஒரு மாணவி மட்டும் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை இணையத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்த அவளுடைய தாயார் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். ரேஷன் அட்டை, வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாம் அடங்கிய பிளாஸ்டிக் பை அவர் மடியில் இருந்தது. நான்கு பக்கப் படிவம். கேட்ட விவரங்களையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கடைசியில் 'சப்மிட்' என்ற பொத்தானை அழுத்தினாள். திரை ஒரு கணம் வெளுத்தது. பிறகு முதல் பக்கம் மறுபடியும் வந்து நின்றது, எல்லாக் கட்டங்களும் காலியாக.

அந்தப் பெண் சிரித்தாள்.

"ஏண்டி சிரிக்கிறே? நான் அரைநாள் லீவு சொல்லிட்டு ஓடி வந்திருக்கேன். இது சிரிக்கிற விஷயமா?" என்று தாயார் கடிந்துகொண்டார். "எல்லாம் போயிடுச்சு மிஸ்" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள் அவள். அப்போதும் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. என்ன நேர்ந்தது என்று பார்ப்பதற்காக நான் அவள் இடத்தில் உட்கார்ந்து மௌஸைக் கையில் எடுத்தேன். அது நனைந்திருந்தது.

அந்தச் சிரிப்பையும் நனைந்த மௌஸையும் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் எழுத விரும்புகிறேன். மனிதர்கள் கணிப்பொறியோடு பழகும்போது அவர்கள் மனத்தில் எழும் உணர்ச்சிகளை அளந்து பார்ப்பதற்கென்றே ஓர் அறிவியல் துறை வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்ட் என்னும் அம்மையார் 1997-இல் வெளியிட்ட ஒரு நூலே இத்துறைக்குப் பெயர் சூட்டியது. 'அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்' என்பது அந்நூலின் தலைப்பு. உணர்ச்சிசார் கணிப்பியல் என்று நாம் அதைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

உணர்ச்சியை எதற்காக அளக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணிப்பொறி நிரல் நன்றாக அமைந்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள் நெடுங்காலம் இரண்டையே பெரும்பாலும் எண்ணி வந்தார்கள். வேலையை முடிக்க எத்தனை நிமிடம் ஆயிற்று, எத்தனை பிழை நேர்ந்தது என்பன அவை. ஆனால் ஒரு மூதாட்டி வங்கி இயந்திரத்தில் பிழையே இல்லாமல் பணம் எடுத்துவிட்டு, "இனி இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று மனத்துக்குள் சபதம் செய்துகொண்டு போகலாம். நிமிடக் கணக்கிலும் பிழைக் கணக்கிலும் அந்தச் சபதம் இடம் பெறாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வேறு அளவுகோல் தேவைப்பட்டது.

எல்லாவற்றிலும் எளிய வழி, அவரையே கேட்டுவிடுவது. பீட்டர் லாங் என்னும் உளவியலறிஞர் 1980-இல் இதற்காகச் சிறு பொம்மைப் படங்களை வரிசையாக அமைத்தார். முதல் வரிசையில் பொம்மையின் முகம் மலர்ச்சியிலிருந்து வாட்டம் வரை படிப்படியாக மாறும். இரண்டாம் வரிசையில் பொம்மையின் மார்பில் பொங்கும் பரபரப்பு, கொந்தளிப்பிலிருந்து உறக்கம் வரை குறைந்துகொண்டே போகும். மூன்றாம் வரிசையில் பொம்மை சிறியதாகத் தொடங்கிப் பெரியதாக வளரும். நிலைமை நம் கைக்குள் இருக்கிறதா, கைமீறிவிட்டதா என்பதை அது குறிக்கும். தம் மனநிலைக்குப் பொருந்தும் பொம்மையின் மேல் ஒரு குறி போட்டால் போதும். சொற்களே வேண்டாம் என்பதால் எம்மொழிக்காரரும் குழந்தைகளும்கூட இதைப் பயன்படுத்தலாம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக 1988-இல் வெளிவந்த பணிச்சுமை அளவுகோலில் ஆறு கேள்விகள் உண்டு. அவற்றில் ஒன்று எரிச்சலைப் பற்றியது. விமானிகளுக்காகத் தோன்றிய அந்த ஆறு கேள்விகளைத்தான் இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் கணிப்பொறிப் பயனர்களிடம் கேட்கிறார்கள்.

ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு தொல்லை இருக்கிறது. அதை எந்த ஆசிரியையும் அறிவார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் "புரிந்ததா?" என்று கேட்டால் "புரிந்தது மிஸ்" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக எழும். திருத்திய தாள்கள் வேறு கதை சொல்லும். கேட்பவரின் மனம் கோணக் கூடாதே என்று சொல்வது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வேலை முடிந்த பிறகு கேட்டால் நடுவில் பட்ட பாடு மறந்துபோய்விடுகிறது. வேலையின் நடுவிலேயே நிறுத்திக் கேட்டாலோ, அந்தக் கேள்வியே எரிச்சலைத் தருகிறது!

ஆகவே வாயைக் கேட்காமல் உடலைக் கேட்கும் வழியை ஆராய்ச்சியாளர்கள் நாடினார்கள். இங்கேதான் நனைந்த மௌஸ் வருகிறது.

நம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக அமைந்துள்ளன. உடம்பின் மற்ற இடங்களில் உள்ளவை பெரும்பாலும் வெப்பத்தைத் தணிக்கவே வியர்க்கின்றன. உள்ளங்கையில் உள்ளவையோ மனம் பரபரப்பு அடையும்போதும் வியர்க்கின்றன. தேர்வு மண்டபத்தில் வினாத்தாள் வரும் நேரத்தில் கைக்குட்டையைத் தேடாதவர் நம்மில் யார்? இதை நடத்துவது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத பரிவு நரம்பு மண்டலம். வியர்வை உப்புநீர் ஆதலால் அது மின்சாரத்தைக் கடத்தும். எனவே இரண்டு விரல்களில் இரு சிறு உலோகத் தகடுகளைப் பொருத்தி, அரை வோல்ட் அளவுள்ள மிக மெல்லிய மின்னழுத்தம் கொடுத்துப் பார்த்தால், தோலின் மின்கடத்தும் திறன் ஏறி இறங்குவதைக் காணலாம். இதை மைக்ரோசீமென்ஸ் என்ற அலகால் குறிப்பார்கள். திடுக்கிட வைக்கும் ஒன்று நேர்ந்தால், ஒன்று முதல் மூன்று நொடிக்குள் கோடு மேலேறத் தொடங்கிவிடும்.

இது புதிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். பிரெஞ்சு மருத்துவர் சார்ல் ஃபேரே 1888-இலேயே இதைக் குறித்து எழுதினார். சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் கார்ல் யூங், ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே, எந்தச் சொல்லுக்குக் கருவியின் முள் துள்ளுகிறது என்று பார்த்தார். அவரும் அமெரிக்க மருத்துவர் ஒருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1907-இல் வெளியாயிற்று. கணிப்பொறிக்காரர்கள் அந்தப் பழைய கருவியைக் கடன் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

பிக்கார்டின் ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு சோதனை சுவையானது. பரிசு உண்டு என்று சொல்லி, விரைவாக விடை காண வேண்டிய ஒரு புதிர் விளையாட்டில் சிலரை அமர்த்தினார்கள். நடுநடுவே மௌஸ் சற்று நேரம் வேலை செய்யாமல் நின்றுவிடும். வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தார்கள். விளையாடியவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் விரலில் மின்கடத்தும் திறனும் இரத்த நாடியின் துடிப்பும் பதிவாகிக்கொண்டிருந்தன. எரிச்சலூட்டிய நேரத்தையும் அமைதியான நேரத்தையும் அந்தக் கோடுகளைக் கொண்டே கணிப்பொறி பிரித்தறியுமா என்பது கேள்வி. குருட்டாம்போக்கில் சொல்வதைவிட நன்றாகவே பிரித்தறிந்தது. 2002-இல் வெளிவந்த அந்த ஆய்வுக்கு 'பயனரை வேண்டுமென்றே எரிச்சலூட்டுதல்' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். நேர்மையான தலைப்பு!

2014-இல் வேறொரு குழுவினர் விரலில் எதையும் ஒட்டாமலே அளக்க முயன்றனர். அழுத்தத்தை உணரும் விசைப்பலகையையும், கை எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை உணரும் மௌஸையும் 24 பேரிடம் கொடுத்தார்கள். மன நெருக்கடி தரும் வேலையின்போது அவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் விசைகளை வலுவாகக் குத்தினர். ஏறத்தாழ அதே அளவினர் மௌஸை இறுகப் பற்றினர். கோபம் வந்தால் பாத்திரத்தை டங்கென்று வைப்பது சமையலறைக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல போலும்.

இவ்வளவு கேட்டபின், கருவி மனத்தைப் படித்துவிட்டது என்று தோன்றும். இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். விரலில் ஏறும் கோடு பரபரப்பின் அளவைச் சொல்லுமே தவிர, அது எத்தகைய பரபரப்பு என்று சொல்லாது. தேர்வில் முதலிடம் என்று கேட்ட மாணவிக்கும் வியர்க்கும். தேறவில்லை என்று கேட்டவளுக்கும் வியர்க்கும். மகிழ்ச்சியா துன்பமா என்பது ஓர் அச்சு, கிளர்ச்சியா அமைதியா என்பது மற்றோர் அச்சு என்று உளவியலார் வரைபடம் போடுவார்கள். தோலின் கருவி இரண்டாவது அச்சை மட்டும் அறியும். மின்விசிறி நின்றுபோனாலும் கோடு ஏறும். நம் ஊரின் மே மாதத்தில் அந்த ஆய்வுக்கூடம் என்ன பாடு பட்டிருக்குமோ! பொய் சொல்வதைக் கண்டுபிடிப்பதாகப் பேர்பெற்ற கருவியும் இதே வியர்வையையும் நாடியையும் மூச்சையும்தான் அளக்கிறது. அச்சத்தால் வியர்த்த நிரபராதியும் அதில் மாட்டிக்கொள்ளலாம். ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையை அவர்மீது நடத்தக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தீர்ப்பளித்தது.

சரி, கை சொல்லாததை முகம் சொல்லாதா? அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி ஆயிற்றே.

முகத்தைப் படிக்கும் ஆராய்ச்சிக்கும் நீண்ட வரலாறு உண்டு. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-இல் முகத் தசைகளை மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வொன்றாக அசைத்துப் படம் எடுத்தார். உதட்டை மட்டும் இழுத்தால் போலிச் சிரிப்பு, கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கினால் உள்ளம் கலந்த சிரிப்பு என்று அவர் கண்டார். பத்து ஆண்டுகள் கழித்து சார்லஸ் டார்வின், மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் விதம் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். பல நாடுகளில் இருந்த குருமார்களுக்கும் அலுவலர்களுக்கும் வினாப்பட்டியல் அனுப்பி, அங்குள்ள மக்கள் வியப்பிலும் கோபத்திலும் முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டறிந்தார். கல்கத்தாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்கூட அவருக்குப் பதில்கள் போயின. 1978-இல் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசன் என்னும் இரு அமெரிக்கர்கள் முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்துப் பட்டியலிட்டனர். கன்னம் மேலெழுவது 6, உதட்டோரம் இழுபடுவது 12, புருவம் நெரிவது 4 என்று அது போகும். இன்று நிழற்படக் கருவி பொருத்திய கணிப்பொறிகள் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சி, சினம், சோகம் என்று பெயர் சொல்வதற்கு அந்த எண்கள் பெரும் உதவியாக அமைந்தன.

இப்போது அந்தப் பெண்ணின் சிரிப்புக்கு வருவோம்.

2012-இல் எஹ்சான் ஹோக் என்னும் ஆய்வாளர், பிக்கார்டுடனும் மற்றொருவருடனும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். முதலில் சிலரை அழைத்து, "எரிச்சல் அடைந்ததுபோல் நடியுங்கள்" என்றார்கள். அப்படி நடித்தவர்களில் 90 விழுக்காட்டினர் சிரிக்கவில்லை. சிரிப்பார்களா என்ன? பிறகு நடிப்பு இல்லாமல் உண்மையிலேயே எரிச்சலூட்டினார்கள். எப்படித் தெரியுமா? நீண்ட படிவம் ஒன்றை நிரப்பச் சொல்லி, கடைசிப் பொத்தானை அழுத்தியதும் எழுதியதெல்லாம் அழிந்து காலிப் படிவம் வரும்படி செய்தார்கள். அப்போது 90 விழுக்காட்டினர் சிரித்தார்கள்!

இதை முதன்முதலில் படித்தபோது நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். நம் கணிப்பொறி அறையில் தற்செயலாக நேர்ந்ததை அங்கே திட்டமிட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண் அலட்சியத்தால் சிரிக்கவில்லை. கையாலாகாத நிலையில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது, அழவும் முடியாமல் கத்தவும் முடியாமல் இருக்கையில் பத்தில் ஒன்பது பேருக்கு வரும் சிரிப்பு அது. காரணம் இதுதான் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுக் கூறவில்லை. இது என் எண்ணம். ஆனால் பெற்றோர் ஒருவராவது இதைப் படித்துவிட்டு, திட்டு வாங்கும்போது சிரிக்கும் பிள்ளையை இன்னொரு முறை உற்றுப் பார்த்தால் நல்லது.

நம் முன்னோர் இதில் ஏமாறவில்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. உள்ளத்தின் நிலை உடம்பில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அதில் எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். உவகை அவற்றில் ஒன்று, நகை வேறொன்று. மகிழ்ச்சியையும் சிரிப்பையும் அவர் ஒரே கட்டத்தில் அடைக்கவில்லை. சிரிப்பு எதனால் பிறக்கிறது என்று அவர் தரும் நான்கு காரணங்களிலும் மகிழ்ச்சி இல்லை. எள்ளல் இருக்கிறது, பேதைமை இருக்கிறது. உதட்டோரம் இழுபட்டால் 'மகிழ்ச்சி' என்று முத்திரை குத்தும் கணிப்பொறி நிரல் எழுதுவோர் இதைப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஹோக்கின் ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. அதை மறைப்பது நியாயம் ஆகாது. எரிச்சல் சிரிப்பையும், குழந்தை ஒன்றின் காணொளியைப் பார்த்துச் சிரித்த மகிழ்ச்சிச் சிரிப்பையும் கலந்து காட்டியபோது, பார்த்த மனிதர்கள் தடுமாறினார்கள். கணிப்பொறிதான் நன்றாகப் பிரித்தது. மகிழ்ச்சிச் சிரிப்பு மெல்ல மெல்ல மலர்கிறது. எரிச்சல் சிரிப்பு சட்டென்று தோன்றி விரைவில் மறைகிறது. ஒரே ஒரு படத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நேரத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். ஆகவே, இயந்திரத்தால் ஒருக்காலும் முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அங்கே அதற்குக் கொடுத்தவை இரண்டே வகைச் சிரிப்புகள். எது எந்தச் சிரிப்பு என்பதை ஆய்வாளர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். படிவத்தை அழித்தவர்களே அவர்கள்தானே! வெளியுலகில் ஒருவர் சிரிக்கும்போது அவருடைய படிவம் அழிந்துபோனது என்று கணிப்பொறிக்கு யார் சொல்வார்கள்?

2019-இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து ஒரு நீண்ட மதிப்பீட்டை வெளியிட்டனர். கோபமாக இருக்கும்போது மக்கள் புருவத்தை நெரித்து முறைப்பது பத்தில் மூன்று முறைகூட இல்லை என்று அவர்கள் கண்டார்கள். மற்ற நேரங்களில் கோபம் வேறு முகம் கொள்கிறது. கோபமே இல்லாமல் புருவம் நெரிவதும் உண்டு. கணக்குப் போடும் பெண்ணைப் பாருங்கள், தெரியும். முகத்தசை அசைவை மட்டும் கொண்டு ஒருவரின் உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அவர்கள் முடிவு. அதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு வேறொரு கோளாறைக் காட்டியது. கூடைப்பந்து வீரர்களின் படங்களைக் கொடுத்தபோது, விற்பனையில் இருந்த இரண்டு நிரல்கள் வெள்ளையரைவிடக் கறுப்பின வீரர்களிடமே சினம் போன்ற எதிர்மறை உணர்ச்சிகளை அதிகமாகக் 'கண்டன'. எந்த முகங்களைக் காட்டி வளர்த்தோமோ அந்த முகங்களுக்கே இயந்திரம் பழகியிருக்கும். நம் நிறத்தவருக்கும் இது சிந்திக்கத்தக்கது.

மாணவியரே, உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்று உண்டு. 2018-இல் சீனாவின் ஹாங்சோ நகரத்தில் உள்ள ஓர் உயர்நிலைப் பள்ளியில், வகுப்பறையின் கரும்பலகைக்கு மேலே நிழற்படக் கருவிகளைப் பொருத்தினார்கள். 30 நொடிக்கு ஒரு முறை அவை மாணவர்களின் முகங்களைப் பார்த்து, மகிழ்ச்சி, சோகம், ஏமாற்றம், சினம், அச்சம், வியப்பு, சலனமின்மை என்று ஏழில் ஒன்றாகப் பிரித்தன. பாடத்தைக் கவனிக்காதவர் யார் என்று ஆசிரியருக்குக் குறிப்பு போகும். உங்கள் வகுப்பில் இப்படி ஒரு கண் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் மாணவியாக இருந்தால், பாடத்தை விட்டுவிட்டு முகத்தைக் கவனித்துக்கொண்டிருப்பேன். சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டே நான் விடை கண்டுபிடித்த கணக்குகள் எத்தனையோ. என் ஆசிரியைக்கு அது தெரியும். என் பெயரும் வீட்டு நிலையும் நேற்று நான் வராத காரணமும் அவருக்குத் தெரியும். கரும்பலகைக்கு மேல் உள்ள கருவிக்கு என் புருவம் மட்டுமே தெரியும்.

இந்தக் கவலை எனக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பள்ளிகளிலும் பணியிடங்களிலும் மனிதரின் உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்குத் தடை விதித்தது. மருத்துவக் காரணத்துக்கும் பாதுகாப்புக் காரணத்துக்கும் மட்டும் விலக்கு உண்டு. 2025 பிப்ரவரி 2 முதல் அந்தத் தடை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2022-இல், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் தன் சேவையை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது.

அப்படியானால் இந்த அளவீடே வேண்டாமா? அவ்வாறும் எனக்குத் தோன்றவில்லை. அளந்ததை வைத்து மனிதரைத் திருத்தப் புறப்படுகிறோமா, இயந்திரத்தைத் திருத்துகிறோமா என்பதே கேள்வி. ஜொனாதன் கிளைன் என்பவரும் பிக்கார்டும் மற்றொருவரும் சேர்ந்து செய்த சோதனை ஒன்றைக் கேளுங்கள். விளையாட்டு நிரல் ஒன்றை நடுநடுவே நின்று நின்று ஓடும்படி செய்தார்கள். விளையாடி முடித்த பிறகு சிலரிடம் கணிப்பொறி உணர்ச்சியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. சிலரிடம் அவர்கள் குறைகளைக் கொட்டித் தீர்க்க மட்டும் இடம் கொடுத்தது. மற்றும் சிலரிடம், எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொன்னதைத் தான் புரிந்துகொண்ட விதத்தைத் திருப்பிச் சொல்லி, அனுதாபமும் தெரிவித்தது. எல்லாம் திரையில் தோன்றிய சில வரிகளே. பிறகு அதே விளையாட்டை மறுபடியும் ஆடச் சொன்னபோது, அனுதாபம் பெற்றவர்கள் மற்றவர்களைவிட நீண்ட நேரம் ஆடினார்கள். சொன்னது உயிரற்ற பொருள் என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் ஆறுதல் வேலை செய்தது. இதில் ஒரு நன்மையும் ஒரு ஆபத்தும் சேர்ந்தே இருக்கின்றன. சிறுவர்களை விளையாட்டை விட்டு எழவிடாமல் செய்யவும் இதே இனிய மொழி பயன்படும்.

தோலின் கோடு ஓர் உயிர்காக்கும் கருவியாக மாறிய கதையும் உண்டு. பிக்கார்டின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த மாணவர் ஒருவர், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீடு செல்லும்போது, வாய்பேச முடியாத தன் தம்பிக்காக இரண்டு மணிக்கட்டுப் பட்டைகளை இரவல் கேட்டார். தம்பிக்கு ஆட்டிசம் என்னும் குறைபாடு. அவனைக் கலக்கம் அடையச் செய்வது எது என்று அண்ணன் அறிய விரும்பினார். ஒரு நாள் பதிவைப் பார்த்த பிக்கார்ட் திகைத்தார். ஒரு மணிக்கட்டில் கோடு மலைபோல் எழுந்திருந்தது. மற்றதில் அசைவே இல்லை. கருவி பழுது என்றே முதலில் நினைத்தார். தொலைபேசியில் கேட்டபோதுதான், அந்த நேரத்தை ஒட்டித் தம்பிக்கு வலிப்பு வந்தது தெரிந்தது. அங்கிருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் பயனாக, வலிப்பு வருவதை உணர்ந்து வீட்டாரை எச்சரிக்கும் கைப்பட்டைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் ஒப்புதல் அளித்தது. உணர்ச்சியை அளக்கப் போனவர்கள் கண்டது வேறொன்று!

அறிவியல் கண்காட்சிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. இயற்பியல் ஆய்வகத்தில் உள்ள மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் நிலையில் வையுங்கள். அது தன் சிறு மின்கலத்தால் மட்டுமே இயங்க வேண்டும். சுவரில் உள்ள மின்சாரத்தோடு எந்தத் தொடர்பும் கூடாது. ஒரு கையின் இரண்டு விரல்களில் அலுமினியத் தாளைச் சுற்றி, மீட்டரின் முனைகளை இணைத்து, தோழியை அசையாமல் அமரச் செய்யுங்கள். எண் ஓரளவு நிலைபெற்றதும் "17-ஐ 16-ஆல் பெருக்கு" என்று திடீரெனச் சொல்லுங்கள். சில நொடியில் மின்தடை இறங்கும். பிறகு அவளுக்குப் பிடித்த ஒன்றைச் சொல்லிச் சிரிக்க வையுங்கள். அப்போதும் இறங்கும். மீட்டரை மட்டும் பார்த்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்திருக்கும் மூன்றாமவள், இரண்டில் எது எப்போது நடந்தது என்று சொல்கிறாளா பாருங்கள்.

அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். பக்கம் நெடுநேரம் திறந்திருந்ததால் தளம் தானாகவே தொடர்பைத் துண்டித்திருக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். இதைப் படிவத்தின் தொடக்கத்திலேயே ஒரு வரியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்கத் தொடங்கினார். பெண் தட்டினாள். இம்முறை இருபது நிமிடம்தான் ஆயிற்று. பொத்தானை அழுத்தியபோது மூவரும் மூச்சுவிடவில்லை. விண்ணப்ப எண் வந்தது. தாயார் அதை ரேஷன் அட்டையின் உறைமேல் பேனாவால் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.